சகலையின் சிவப்புக் காலிப்பர்

இன்று விருதுநகர் ஒர்க்‌ஷாப்பில் என் சகலையின் கார் நின்றது. என்னிடம் இருக்கும் அதே மாடல்தான். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் அடிப்பதற்காகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெயின்டர் முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தவர். உப்புத்தாளைத் தண்ணீரில் முக்கி முக்கித்தான் தேய்த்தார்.

"காஞ்சதை உரசுனா வெடிச்சிருமோன்னு இன்னமும் பயம் அண்ணாச்சி. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். வழவழவென்று இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. போன மாதம் நான் என் கார் காலிப்பரில் துருவின் மேலேயே அடித்த பெயின்ட் ஒரே வாரத்தில் உரிந்துவிட்டது.

"என்ன சகல, உம்முன்னு இருக்கீக? நல்லா இல்லையா?" என்றார் சகலை.

"அருமை! மேல ஒரு வீல் கப் மாட்டிருங்க, இன்னும் எடுப்பா இருக்கும்."

மாட்டினால் காலிப்பர் வெளியே தெரியாது. சகலை யோசிக்கிறார். பெயின்டர்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நல்ல யோசனைதானே, நீங்களே சொல்லுங்கள்.