மரவள்ளிக் கேக்கும் இஞ்சித் தேநீரும்

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், பார்க்டேல் பகுதியில் நானும் ஒரு பிலிப்பீன்ஸ் பெண்ணும் சேர்ந்து ஒரு சின்னக் கபே நடத்துகிறோம். முன்பு இருவரும் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்தோம். சாப்பாட்டுப் பெட்டிகளை மாற்றி மாற்றித் தின்றதில் வந்த யோசனைதான் இந்தக் கடை. அவளுடைய ஊர் மெத்தென்ற பன்னுக்குள் என் மீன்கறியை வைத்து மீன் பணிஸ் என்று விற்போம். அதைக் கடித்ததும் பள்ளிக்கூடக் கன்ரீன் ஞாபகம் வந்து கண்கலங்கிய எங்கள் ஊர் அன்ரிமார் உண்டு. அவளுடைய ஊர்க்காரர்கள் உறைப்பில் கண்கலங்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை, மார்க்கம் பகுதித் தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு மூன்று மணிபோல் கடைக்குத் திரும்பினேன். என் ஒன்பது வயது மகள் மூலை மேசையில் இருந்து மஞ்சள் நிறக் கேக் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

“என்ன தின்னுறாய்?”

“கசாவா கேக், அம்மா. சோ குட். இது மூண்டாவது.”

“கோப்பைக்குள்ளை என்ன?”

“ஜிஞ்சர் ரீ.”

சாமான் பையை நிலத்தில் போட்டுவிட்டேன். கசாவா என்றால் மரவள்ளி. மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்று கேட்டு வளர்ந்தவள் நான். யுத்த நேரம் இடம்பெயர்ந்து ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தபோது, பக்கத்துப் பாயில் படுத்த பிள்ளை காலையில் மரவள்ளி தின்றுவிட்டு வாந்தியெடுத்தது. பொழுதுபடமுன் செத்துப்போனது. தாய் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுத்ததுதான் காரணம் என்று எல்லோரும் கதைத்தார்கள். அந்தப் பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாரித்திருந்த நிறம் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

மகளின் கையிலிருந்த கேக்கைத் தட்டிவிட்டேன். அவளை இழுத்துக்கொண்டுபோய்க் குசினித் தொட்டிக்கு மேல் குனியவைத்து, வாய்க்குள் விரலை விட்டேன். அவள் திமிறி அழுதாள். கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். என் கூட்டாளி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“நீ என்ன குடுத்தனி? என்ரை பிள்ளைக்கு என்ன குடுத்தனி?” என்று தமிழில் கத்தினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கேட்டது விளங்கியது. அவளுடைய முகம் சிறுத்துப்போனது.

நஞ்சு பற்றி விசாரிக்கும் தொலைபேசி எண்ணை அவள்தான் அழுத்திக் கொடுத்தாள். மறுமுனையில் ஒரு தாதி. வாந்தி எடுக்கவைக்க வேண்டாம் என்று முதலில் சொன்னார். கிழங்கு எப்படிப்பட்டது, எவ்வளவு நேரம் வெந்தது என்று கேட்டார். நான் இஞ்சி, இஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இஞ்சியால் ஒன்றும் ஆகாது, சில வகை மரவள்ளியைச் சரியாகச் சமைக்காவிட்டால்தான் ஆபத்து என்றார். சில மணி நேரம் கவனியுங்கள், மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ உடனே அம்புலன்சை அழையுங்கள் என்றார்.

கணவருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“விசர்க்கதை கதையாதையப்பா,” என்றார். பிறகு அவரே கேட்டார். “எத்தினை துண்டு திண்டவள்?”

“மூண்டு.”

“இரு. நான் வாறன்.”

நாலு மணிக்கு மகள் வயிறு நோகுது என்றாள். உதட்டைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், மூச்சை எண்ணினேன், எண்ணிக்கை பிழைத்துத் திரும்பவும் எண்ணினேன். “அம்மா, ஐம் ஜஸ்ட் ஃபுல்,” என்று அவள் எரிச்சலோடு சொன்னாள். எனக்கு அது காதில் விழவேயில்லை.

கூட்டாளி எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். தன் ஊரிலும் மரவள்ளிக்குப் பயம் உண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கசப்பு நாவில் பட்டால் அவளுடைய அம்மா சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டிவிடுவாராம். “இங்கே வாங்குவது நல்ல கிழங்குதான். என்றாலும் முதல் துண்டை நான்தான் தின்பேன். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் கொடுத்தேன்.” சொல்லும்போது அவளுடைய குரல் உடைந்தது. “உன் பிள்ளைக்கு நான் வேறு எப்படிக் கொடுப்பேன்?”

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் அந்த நேரம் வரவில்லை. மகளின் நகத்திலேயே கண் நின்றது. கணவர் வந்துசேர்ந்தபோது மகள் மீன் பணிஸ் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கதவடியிலேயே நின்று முகத்தைத் துடைத்தார்.

திங்கட்கிழமை கடை திறக்க முன்னம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு தட்டில் ஒரு துண்டு கேக்கும் ஒரு கோப்பை இஞ்சித் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். தேங்காய்ப்பால் வாசம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். நல்ல ருசி. ஆனால் அன்று மத்தியானம்வரை என் நகங்களைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன். அவளும் இடைக்கிடை வந்து என் நகங்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.