எங்கள் உறுப்பினர் சொன்ன ‘விருத்தி’

மூன்றாவது வருடமும் அதே குழிதான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில், சுற்றாடல் தினத்துக்கு எங்கள் மாகாண சபை உறுப்பினர் வந்து மரக்கன்று நடுகிற குழி. போன வருடக் கன்று கருகிப் போயிருந்தது. விழாவுக்கு முதல் நாள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழியைச் சுத்தம் செய்து வைத்ததே நான்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் அது. இப்படிப்பட்ட வேலை எது வந்தாலும் முதலில் போய் நிற்பேன்.

அவர் இரண்டு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி மைக்குக்குப் போனார். “மரம் இல்லாட்டி மழை இல்ல, மழை இல்லாட்டி நாம இல்ல” என்று தொடங்கினார். அப்போதுதான் அந்த எண்ணம் பளீரென்று வந்தது. நாங்கள் வோட்டுப் போடுவதை இந்த மனிதர் எத்தனையோ தடவை வந்து பார்த்திருக்கிறார். இவர் சபையில் வோட்டுப் போடுவதை எங்களில் யாராவது பார்த்திருக்கிறோமா?

காரணமில்லாமல் வந்த எண்ணமல்ல. ஸ்பிரிங்வெளிப் பக்கம் இருக்கிற எங்கள் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் பீலியில் வருகிறது. மலை உச்சி ஊற்றிலிருந்து குழாய் வழியாக இறங்கி, லயத்துக்குக் கீழே தொட்டியில் விழும் தண்ணீர். குளிக்க, துவைக்க, சமைக்க, குடிக்க எல்லாமே அதுதான். ஊற்றுக்கு மேலே மரங்களைச் சாய்த்துவிட்டுக் கல்லுடைக்கத் தொடங்கியதிலிருந்து, வெடி வைக்கிற நாட்களில் பீலியில் சாம்பல் கலந்த மாதிரித் தண்ணீர் வந்தது. வெயில் காலத்தில் நூல் போல வந்தது. என் அக்கா கொழுந்து பறித்துவிட்டு வந்து, இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அந்த நூலுக்கு முன்னால் குடத்தோடு வரிசையில் நிற்பாள்.

அன்றைக்கு உறுப்பினர் பேசி முடித்ததும் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அக்காதான். கொடுத்த கையோடு கேட்டும் விட்டாள்.

“ஐயா, ஊத்துக்கு மேல கல்லு ஒடைக்கக் கூடாதுன்னு சபையில ஏதோ வருதாமே? தம்பி பேப்பர்ல படிச்சிச்சு.”

“வருது தங்கச்சி. வேற ஒரு மெம்பர் கொண்டாறாரு.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

அவர் செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். “இந்தத் தண்ணிய குடிச்சிட்டு நான் வேற என்னத்தச் சொல்லப் போறேன்?”

கூட்டமே கை தட்டியது. நானும் தட்டினேன். ஆனாலும் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்துவிட்டேன்.

பதுளை டவுனில் சபை கூடுகிற அன்று, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இவ்வளவு சுலபமா! இத்தனை வருடமாக ஏன் ஒருவரும் வரவில்லை? மேலே பார்வையாளர் கலரியில் நான் ஒருவன்தான். கீழே பேச்செல்லாம் சிங்களத்தில். எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம்: என்ன விலை, மிச்சத்தைக் கொடு, பஸ் போய்விட்டதா. அதற்கு மேல் ஓடாது. வாக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவரவர் எழுந்து ஒரே சொல்லில் பதில் சொன்னார்கள்.

“பக்ஷய்.”

“பக்ஷய்.”

தேர்தல் போஸ்டர்களில் பார்த்த சொல். பக்ஷய என்றால் கட்சி. எனக்கு எரிச்சலாக இருந்தது. தண்ணீரைப் பற்றிக் கேட்டால், கட்சி, கட்சி என்கிறார்களே! அப்புறம் எங்கள் உறுப்பினரின் பெயர் வந்தது. எழுந்தார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், மைக்கில் கணீரென்று சொன்னார்:

“விருத்தய்.”

விருத்தி! அபிவிருத்தி! கட்சியைப் பார்க்காமல் எங்கள் தோட்டத்தின் விருத்திக்காக எழுந்து நின்ற ஒரே மனிதர்! என்னையறியாமல் எழுந்து கை தட்டினேன். அந்த மண்டபத்தில் என் இரண்டு கைகளின் சத்தம் மட்டும் கேட்டது. காவலர் ஒருவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். எங்கள் உறுப்பினர் அண்ணாந்து என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் எழுந்து ‘விருத்தய்’ சொன்னார்கள். நல்ல காரியத்தை ஒருவர் தொடங்கிவைத்தால் போதும் என்று பூரித்துப் போனேன்.

வெளியே வந்தால் வராந்தாவில் ஒரு பெண்மணி பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றார். சபையின் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஊர் யாழ்ப்பாணம் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

“தம்பி, நீங்களோ கை தட்டினது? கலரியிலை தட்டக் கூடாது.”

“சந்தோசம் தாங்கலீங்க மிஸ். எங்க ஐயா விருத்தின்னு சொன்னாருல்ல.”

“என்னெண்டு?”

“விருத்தி. அபிவிருத்தி.”

அவருக்குச் சிரிப்பு வந்து தேத்தண்ணி புரையேறியது. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஐயோ தம்பி. அது விருத்தி இல்லை. விருத்தய் எண்டால் எதிர்ப்பு. பக்ஷய் எண்டால் ஆதரவு. உங்கட ஆள் எதிர்த்தெல்லோ போட்டவர். தீர்மானமும் தோத்துப் போச்சு.”

“வாய் தவறிச் சொல்லியிருப்பாருங்க மிஸ்” என்றேன்.

“இண்டைக்கு மட்டுமோ?” என்றார் அவர். “ஆத்து மண் அள்ளுறதைத் தடுக்கிற கதை வந்தது, விருத்தய். காட்டு மரம் வந்தது, விருத்தய். நான்தானே எல்லாத்தையும் தமிழாக்கிறனான். கேக்கத்தான் ஒருத்தரும் வாறேல்லை.”

எப்படி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன் என்று நினைவில்லை. குடித்தாரே! எங்கள் எல்லோர் முன்னாலும் அண்ணாந்து குடித்தாரே! அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு டிப்பர் லொறி பக்கத்தில் வந்து ஹார்ன் அடித்தது. ஓட்டிக்கொண்டு வந்தது மச்சான், அக்காவின் புருஷன். அந்தக் கல்லுடைக்கிற இடத்தில்தான் லொறி ஓட்டுகிறார். டவுனில் கல் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“என்னா மாப்புள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஏறு.”

ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். மச்சான் கியரை மாற்றியபடி கேட்டுக்கொண்டு வந்தார். முடித்ததும், “சரி, பின்ன? அவரு கல்ல அவரே நிப்பாட்டுவாரா?” என்றார்.

“யாரு கல்ல?”

“ஒனக்குத் தெரியாது?” மச்சான் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “கல்லு ஒடைக்கிற பெர்மிட்டு அவரு மச்சினன் பேர்ல. லொறி பூரா அவரு சம்சாரம் பேர்ல. ஐயா பேர்ல ஒண்ணுமே இல்ல, பாவம்.” சிரித்தார். “ஸ்கூலுக்கு மரக்கன்னு கொண்டாந்தது யாரு, மறந்துட்டியா? நாந்தான். இதே லொறி.”

அந்த லொறியிலிருந்து கன்றுகளை இறக்க நானும் தோள் கொடுத்திருக்கிறேன். பெட்டியில் கிடந்த கல் தூளைக் கையால் தட்டி விட்டுவிட்டுத்தான் கன்றுகளை எடுத்தேன். கண்ணுக்கு முன்னால் இருந்தது. படித்தவன், பேப்பர் வாசிக்கிறவன், ஒருமுறைகூட இது யாருடைய லொறி என்று கேட்கத் தோன்றவில்லை.

லயத்துக்கு வந்தபோது அக்கா பீலியடியில் இருந்தாள். கல் விஷயத்தை முதலில் சொன்னேன். அவள் குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“லொறி அவருதுன்னு தெரியும்.”

“தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா அவருக்குத் தண்ணி குடுத்த?”

“அது வேற, இது வேறடா. யாவாரம் யாவாரம். ஒங்க மச்சானுக்கும் அதுலதான் சோறு. சபைன்னு வந்தா நம்ம பக்கம் நிப்பாருன்னு நெனச்சேன். அதுக்குத்தானே வோட்டுப் போட்டோம்.”

நான் வாக்கெடுப்பைச் சொன்னேன். விருத்தய் என்றால் என்னவென்று சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது. அக்கா அதை நகர்த்தவில்லை. தண்ணீருக்காக இத்தனை நாள் காத்து நின்றவள் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எங் கையால வாங்கிக் குடிச்சாரு” என்றாள். அப்புறம், “வேற என்னத்தச் சொல்லப் போறேன்னு கேட்டாரு. நாமளும் பல்லக் காட்டிக்கிட்டுக் கை தட்டுனோம்.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள். ஒருத்தி, “அந்த சிங்கள வார்த்தைய இன்னொரு தடவ சொல்லு” என்றாள். சொன்னேன். அவளும் சொல்லிப் பார்த்தாள். வாயில் கெட்டது பட்டுவிட்ட மாதிரி முகத்தைச் சுளித்தாள்.

இரவு மச்சானுக்கும் அக்காவுக்கும் பேச்சு முற்றியது. “எனக்கு வேல போச்சுன்னா?” என்பதற்கு, “தண்ணி போச்சுன்னா?” என்று அக்கா திருப்பிக் கேட்டாள். காலையில் லொறிக்குப் போகுமுன் என்னிடம், “எம் பேரச் சொல்லிறாத மாப்புள” என்றார். சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதும் யார் பேரையும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் மறுபடியும் ஆற்று மண் விஷயம் வருகிறதாம். மொழிபெயர்ப்பாளர் மிஸ் சொல்லியனுப்பினார். அதற்கு முன்னால், திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுமுன், ஆட்களுக்கு இரண்டு சொற்களைச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். கங்காணி பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பக்ஷய் என்றால் ஆதரவு, விருத்தய் என்றால் எதிர்ப்பு. அவ்வளவு போதும்.

கூட்டத்தன்று அக்காவும் வருகிறாள். அன்றைய பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, பீலியில் அதே செம்பை நிரப்பி எடுத்துக்கொண்டு, கலரியின் முதல் வரிசையில் உட்காரப் போகிறாளாம். அவர் எழுந்து வாயைத் திறக்கும் நேரத்தில் அவர் கண்ணுக்கு அது படவேண்டுமாம். வாசலில் செம்பை உள்ளே விடுவார்களா என்று தெரியவில்லை. விடாவிட்டால் வாசலிலேயே நிற்கிறேன் என்கிறாள். அவர் அந்த வழியாகத்தானே வெளியே வரவேண்டும்.