விடுப்புக் கேட்டு எழுதிய கடிதம்

எங்கள் மேலப்பாளையத்தில் காய்ச்சல் வந்தாலும் ‘முடியல’, கிட்னி கெட்டாலும் ‘முடியல’, கால் விளங்காமல் கிடந்தாலும் ‘அவருக்கு முடியல’தான். கேட்கிறவர், சொல்கிறவர் முகத்தைப் பார்த்து எவ்வளவு என்று புரிந்துகொள்வார். கடிதத்துக்கு முகம் கிடையாது. அது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

பஜாரில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. இங்கிலீஷ் எல்லாம் அகராதியைப் புரட்டிச் சேர்த்தது. துபாயில் ஸ்டோர் கீப்பராக இருந்த நண்பருக்கு, விடுப்பில் வந்த இடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் படுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கம்பெனியில் விடுப்பை நீட்டிக் கேட்க என் கடைக்கு வந்தார்.

“காய்ச்சல்காரன் லீவு மாதிரி எழுதிராதேயும் வே. படிச்சதும் மேனேஜர் எந்திச்சு நிக்கணும்.”

“நீரு மொதல்ல உக்காரும்.”

“உக்கார முடிஞ்சா நான் ஏன்வே இங்கன வாரேன்?”

‘சிக்’ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட எழுதும். ‘இல்னஸ்’ என்றால் சளி பிடித்த மாதிரி இருந்தது. உட்கார முடியல, குனிய முடியல என்கிறாரே என்று தேடினால், இயலாமை என்ற பொருளோடு ‘டிசெபிலிட்டி’ நின்றது. பார்க்கவே கனமாக இருந்தது. தட்டிவிட்டேன்.

“கோட்டு போட்டு நிக்க மாதிரில்லா இருக்கு!” என்றார் நண்பர்.

நாலாம் நாள் பதில் வந்தது. போனை என்னிடம் நீட்டி, “எத்தன வாரம் குடுத்திருக்கான்?” என்று கேட்டார்.

இனி வேலைக்கு ஏற்ற உடல்நிலை இல்லை என்பதால் விசாவை ரத்து செய்கிறோம், நலமாக வாழ வாழ்த்துகிறோம் என்று இருந்தது. இல்னஸ் என்றால் வந்து போவது. நான் போட்ட சொல்லை, வந்து தங்கிவிட்டது என்றுதான் கம்பெனிக்காரன் வாசிப்பான். குணமாகிவிடும் என்று விளக்கி மறுபடி எழுதினோம். வேறு ஆள் எடுத்தாயிற்று என்றார்கள்.

ஆறே வாரத்தில் எழுந்துவிட்டார். இப்போது அரிசிக் கடையில் மூட்டை தூக்குகிறார். துபாய் வேலை என்னவாயிற்று என்று கேட்பவர்களிடம், “இடுப்பு படுத்திட்டு” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒருநாள் நானே பேச்செடுத்தேன்.

“விடும் வே. நானும்லா கனமா எழுதச் சொன்னேன்” என்று பழியில் பாதியை எடுத்துக்கொண்டார்.

கடிதத்தோடு அனுப்ப டாக்டர் ஒரு சீட்டு கொடுத்திருந்தார். இடுப்பு வலி, ஆறு வாரம் ஓய்வு, பிறகு வேலைக்குப் போகலாம் என்று மூன்றே வரி. என் எழுத்துக்குப் பக்கத்தில் அது சப்பென்று இருந்ததால் வைத்துக்கொண்டேன். இரண்டாவது கடிதத்தோடுதான் அனுப்பினேன். முதலிலேயே போய்விட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.