சாமத்தியவீட்டுப் படத்தோடு சண்டை பிடித்த மங்களேஸ்வரி டீச்சர்

மங்களேஸ்வரி டீச்சரின் தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, வந்தாறுமூலையில் இருக்கிற தாய்க்கு இதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்த நேரம், எங்கள் பாடசாலை வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. முதலில் "ஆழ்ந்த இரங்கல்" என்று ஒருவர். பிறகு கும்பிட்ட கைகள், அழுகிற முகங்கள். பத்து நிமிடத்துக்குள் மாலை போட்ட படமும் தயார். பழைய விளையாட்டுப் போட்டிப் படத்திலிருந்து டீச்சரை எடுத்துப் பெரிதாக்கிய ஆளுக்கு, பக்கத்தில் நின்ற ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் முகங்களை வெட்டத் தோன்றவில்லை. இப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் அந்த மனுஷி வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். மகள் செத்த செய்தியை அந்தத் தாய் பக்கத்து வீட்டுக்காரரின் போனில் பார்த்துத்தான் அறிந்தார்.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு டீச்சரைத் தெரியும். சிலருக்கு அவரோடு சண்டையும் இருந்தது. இரண்டாவது கூட்டத்துக்குத்தான் நான் முக்கியமாக எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பழுகாமத்துக்குக் கிட்ட எங்கள் பாடசாலை. நான் தமிழ் படிப்பிக்கிறேன், டீச்சர் கணிதம். பாடசாலைக்குக் கொம்பியூட்டர்கள் வந்தபோது அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பை வாங்க ஒருவரும் முன்வரவில்லை. "எண்ணத் தெரிஞ்ச ஆள் நீங்கதானே" என்று அதிபர் பகிடியாகச் சொல்லி அவர் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் இடைவேளைக்குப் பிறகு, இணையத்தில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று பிள்ளைகளுக்கு ஒரு பாடம். பாடவிதானத்தில் அப்படியொன்று இல்லை. அவராகத் தொடங்கியது.

ஒரு புதன்கிழமை என்னையும் கூப்பிட்டு இருத்தினார். அறை மூலையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார். "அங்கால இரிக்கிறது பிரியா. உங்கட வயசு. புதுசா வந்த புள்ள. துண்டுல எழுதி அவவோட கதைங்க" என்றார். பிள்ளைகள் விழுந்தடித்து எழுதினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது, பூவும் இதயமும் கீறி. மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சேலையை இழுத்தார். அங்கே மீசையும் தொந்தியுமாக எங்கள் காவலாளி கந்தையா அண்ணன், கையில் பேனாவோடு வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தார். வகுப்பே கூரை அதிரச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "சிரிச்சு முடிஞ்சா, நீங்க பிரியாவுக்குச் சொன்னதை இப்ப வாசிக்கப் போறன்" என்றார். அம்மா வெளிநாட்டில். அப்பா விடிய வயலுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். வீட்டுக்கு முன்னால் பெரிய புளியமரம். எல்லாம் அந்தத் துண்டுகளில் இருந்தது. பெயர் சொல்லாமல்தான் வாசித்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

பிள்ளைகளோடு அவருக்குக் கரைச்சலே இருக்கவில்லை. கரைச்சல் முழுக்கப் பெரியவர்களோடு.

பெற்றோர் கூட்டத்தில் அன்று அவர் எழும்பியது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் சாமத்தியவீடு செய்வோம். பந்தல், மேளம், ஊர்ச்சாப்பாடு. இப்போது அதோடு வாசலில் பிள்ளையின் ஆளுயரப் படமும், பெயரும், ஊரும். ஸ்டூடியோக்காரர் எடுக்கிற படம் முழுவதும் அடுத்த நாளே முகநூலில். "உங்கட புள்ளைட பேர், வயசு, வீடு, பள்ளிக்கூடம், எப்ப பெரியபுள்ளை ஆனா எண்டது வரைக்கும் நீங்களே உலகத்துக்குச் சொல்லிப்போட்டு, மறுகா புள்ளையைப் பாத்துப் 'போன்ல பத்திரமா இரு' எண்டு சொல்றீங்க. பாடம் உங்களுக்குத்தான் எடுக்கோணும்" என்றார் டீச்சர்.

மண்டபம் கொதித்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிற ஸ்டூடியோ முதலாளி எழும்பி, "எங்கட சடங்கைக் கேவலப்படுத்துறா இந்த டீச்சர்" என்று கத்தினார். "சடங்கைச் செய்யுங்க தம்பி. நானும் வந்து ஆலாத்தி எடுக்கிறன், சோறும் தின்னுறன். படத்தை அல்பத்தில ஒட்டி அலுமாரிக்குள்ள வைங்க" என்றார் டீச்சர். யார் காதில் விழுந்தது? "கலியாணம் கட்டாத மனுஷிக்குச் சாமத்தியவீட்டைப் பத்தி என்ன தெரியும்" என்று பின்வரிசையில் ஒரு குரல். அதைச் சொன்ன வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும். இரங்கல் பதாகையில் இப்போது அவருடைய பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது.

பிறகு டீச்சருக்கு எதிராக மேலிடத்துக்குப் பெட்டிசம் போனது. புதன்கிழமைப் பாடம் நிறுத்தப்பட்டது. ஆசிரியர் கூட்டத்தில் "தற்காலிகமாக நிறுத்துவதே நல்லது" என்று எழுதிய குறிப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்திருந்தேனோ தெரியாது, ஒரு சொல் பேசவில்லை. டீச்சர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும்.

பாடம் நின்ற அந்த வருடம்தான் ஒரு பிள்ளையின் விஷயம் நடந்தது. பெயர் எழுதமாட்டேன். சாதாரண தரச் சோதனை எழுதுகிற வகுப்பு, நான்தான் வகுப்பாசிரியை. மூன்று வருடத்துக்கு முந்தைய அவளுடைய சாமத்தியவீட்டுப் படங்களை எவனோ ஒருவன் எடுத்து, அவள் பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்கியிருந்தான். பிறகு இன்னொரு பெண்பிள்ளையாக நடித்து அவளோடு சிநேகம் பிடித்து, வீட்டுச் சட்டையோடு நிற்கிற ஒரு படத்தையும் வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு மிரட்டல். சொன்னபடி கேட்காவிட்டால் படத்தை மாற்றி ஊருக்கெல்லாம் அனுப்புவானாம்.

அவள் முதலில் வந்தது என்னிடம். நான் கேட்ட முதல் கேள்வி: "நீ ஏன் அனுப்பினாய்?"

அவ்வளவுதான். "ஒண்டுமில்லை டீச்சர்" என்று போய்விட்டாள். இரண்டு கிழமை தனியாக அந்த நரகத்துக்குள் கிடந்துவிட்டு, பிறகு மங்களேஸ்வரி டீச்சரிடம் போயிருக்கிறாள். "சொன்னது நல்ல வேலை புள்ள. உன்னில ஒரு பிழையும் இல்லை" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. மற்றதெல்லாம் பிறகுதான் கேட்டிருக்கிறார். நாளைக்குப் போனையும் எடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, பொலிசுக்குப் போவோம் என்று அனுப்பினார்.

பிள்ளை நம்பி வீட்டில் சொன்னாள். தகப்பன் போனை எடுத்துக் கோடாலியால் கொத்தி, கொண்டுபோய் ஆற்றில் எறிந்துவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் வாவியையும் ஆறு என்றுதான் சொல்வோம். அடுத்த நாள் டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு வயல் வட்டைக்குத் தேடிப்போனபோது அந்த மனிதர் வரம்பில் நின்று, "எல்லாத்தையும் அழிச்சிட்டன் டீச்சர். இனிப் பயமில்லை" என்றார். அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். டீச்சர் அப்படியே வரம்பில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, படம் அவன்ட கையில இரிக்கு. நீங்க அழிச்சது அவன் எழுதின மிரட்டலை. எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்" என்றார். அந்த மனிதரின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

பொலிசில் முறைப்பாடு எழுதினார்கள். ஆள் பிடிபடவில்லை. அவன் இன்றைக்கும் எங்கேயோ இருந்து தின்று உறங்குகிறான். பிடிபட்டது பிள்ளைதான். பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கதிரவெளியில் மாமி வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு. "புள்ளைட பேர் கெட்டுப் போயிரும்" என்றார்கள். டீச்சர் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டரில் அந்த வீட்டு வாசலுக்குப் போனார். தேத்தண்ணி கொடுத்த நாளும் உண்டு, படலையைத் திறக்காத நாளும் உண்டு. "களவெடுத்தவன் வெளியில. களவு கொடுத்தவள் அறைக்குள்ள. இது என்ன நியாயம் கா?" என்று தாயிடம் கேட்டுக் கேட்டே அந்த வீட்டைக் கரைத்தார். சோதனை நாட்களில் தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றி இறக்கினார். பிள்ளை சித்தியடைந்தாள். இப்போது உயர்தரம் படிக்கிறாள்.

டீச்சரின் செத்தவீட்டுக்கு அவள் வந்தாள். பெட்டிக்குத் தலைமாட்டில் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் ஸ்டூடியோ முதலாளி, நேரலையாம், போனைத் தூக்கிக்கொண்டு சனத்தை விலக்கி வந்து அவளுடைய முகத்துக்கு நேரே பிடித்தார். "நிப்பாட்டுங்க" என்றேன். "வெளிநாட்டுல இரிக்கிற சனம் பாக்க வேணாமா டீச்சர்?" என்றார், சிரித்த முகத்தோடு.

நான் வாய் திறக்குமுன் அவள் நிமிர்ந்தாள். ஊரே நிற்கிறது, தகப்பனும் நிற்கிறார். "என்னைக் கேட்டா எடுக்கிறீங்க?" என்றாள். குரல் வாசல் வரைக்கும் கேட்டது. "எனக்கு விருப்பமில்லை. எடுத்ததை இப்ப, எனக்கு முன்னால அழியுங்க." தகப்பன் மெதுவாக வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த ஆள் அழித்தார். அவள் கிட்டப் போய், அழிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

கொம்பியூட்டர் அறைக்கு டீச்சரின் பெயரை வைக்கப் போகிறார்களாம், பெயர்ப்பலகைக்கு அளவும் எடுத்தாயிற்று. நல்லது, வையுங்கள். வருகிற புதன்கிழமை இடைவேளைக்குப் பிறகு அந்த அறையில் நான் பாடம் எடுப்பேன். எனக்குக் கொம்பியூட்டர் அரைகுறைதான், பிள்ளைகள் சொல்லித் தருவார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டியவர்கள் அனுப்பலாம். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. பொறுமையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் அவரிடம் நிறைய இருந்தது.