அம்மா உலை வைத்த சத்தம்

இன்று தாண்டிக்குடி மலையில் ஒரு விடுதி வாசலில் பழைய லாரி ஒன்றைப் பார்த்தேன். அதன்முன் நின்று படமெடுக்க ஒரே கூட்டம்.

எனக்குப் பெரிய இஞ்சின் என்றால் பைத்தியம். விடுதிக்காரரிடம், "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்களேன்" என்றேன்.

"இஞ்சின் ஏதுங்க? வெறும் கூடுதான் கெடக்கு." பானட்டைத் தூக்கினார். உள்ளே பூந்தொட்டிகள்.

அறுபதுகளில் இதே மாதிரி லாரியில்தான் என் அண்ணன் காப்பி மூட்டைகளை வத்தலக்குண்டுக்கு இறக்குவான். திரும்பும்போது, எங்கள் வீட்டுக்கு வெகு கீழே, செங்குத்து ஏற்றம் தொடங்கும் வளைவில் முதல் கியருக்கு மாற்றுவான். அந்த உறுமல் கேட்டதும் அம்மா உலை வைப்பாள். அவன் மேலே வந்து கைகால் கழுவவும், சோறு வடிக்கவும் சரியாக இருக்கும். எத்தனை லாரி போனாலும் அவன் வண்டிச் சத்தம் அவளுக்குத் தப்பாது.

ஒரு மழைநாள் சாயங்காலம் உறுமல் கேட்டது.

"அண்ணன் வந்துட்டான், வெரசா வெறகு எடுத்தா" என்றாள்.

உலை கொதிக்கையில் வண்டி வாசலில் நின்றது. இறங்கியவர் அண்ணனின் கூட்டாளி டிரைவர். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"ஆத்தா, லோடு இறக்கையில நெஞ்சு வலின்னு சாஞ்சான். எந்திரிக்கவே இல்ல. பின்னாடி படுக்க வச்சுக் கொண்டாந்திருக்கேன்."

"அவன் வண்டிதானே கேட்டுச்சு?" என்று மட்டும் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் வண்டிதான்.

இன்று விடுதிக்காரரிடம், "இஞ்சின் இல்லாததும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய வண்டிப் பிரியர்களே, அந்த உறுமலைக் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்?

எனக்குப் பசிக்கும்.