தகரக் கூரைக்குப் போட்ட கணக்கு

மண்டபத்தில் எங்கள் அரசாங்க வீட்டுக்குத் தகரக் கூரை. என் கணவர் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். ஊருக்கெல்லாம் கட்டடம் கட்டுகிறவருக்கு வாய்த்தது அந்தத் தகரம். கத்திரி வெயிலில் அதன் கீழேதான் என் மகள் பிறந்தாள்.

பேறுகாலம் பார்க்கக் கமுதியிலிருந்து அம்மா வந்திருந்தாள். வாசலில் நின்றால் சேலையைப் பறிக்கும் கடற்காற்று. "பச்சப்புள்ளைக்குக் காத்துக் கருப்பு பட்டுரும்" என்று கதவையும் சன்னலையும் அடைத்து, இடுக்கில் பழந்துணி செருகினாள். எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தன, ஓலைக்கும் மண்சுவருக்கும் நடுவே. தகரத்துக்குக் கீழே அதே வழக்கம் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மத்தியானம் குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டர் வருவதற்குள் போய்விட்டாள். சூடுதான் காரணம் என்றார் டாக்டர்.

அம்மா சோறு தண்ணீர் தொடவில்லை. "நாந்தானே கதவ அடச்சேன்" என்பதே பேச்சு. எனக்கு அவளைத் தேற்ற மனமில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கணவரோ கூரையை அளந்தார். ஆபீசிலிருந்து உஷ்ணமானி கொண்டுவந்து வெளியே, உள்ளே பார்த்தார். தகரத்தின் வழியாக மணிக்கு எவ்வளவு சூடு இறங்கும் என்று பெருக்கி வகுத்துக்கொண்டே இருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அழாமல் கணக்குப் போடுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அத்த, கணக்குப் பாத்துட்டேன். எல்லாம் தகரத்துல எறங்குன சூடு. கதவத் தொறந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

"மாப்பிள்ள கணக்கு தப்பாதுல்ல?"

"தப்பாது அத்த."

அன்று அம்மா கஞ்சி குடித்தாள். அதன்பின் யார் துக்கம் கேட்டாலும் "மாப்பிள்ள கணக்கு தப்பாது" என்பாள். நானும் நம்பினேன். மெல்ல மெல்ல அவளோடு பேச ஆரம்பித்தேன்.

சில வருஷம் கழித்துப் பிரசவ விடுதி ஒன்றைக் கட்டும் வேலை அவருக்கு வந்தது. அதற்கும் தகரம்தான். அதைப் பேச மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நாங்கள் கோயிலுக்குப் போயிருப்பதாக என் கணவர் நினைத்திருந்தார். நானும் அம்மாவும் திரும்பிவந்து அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவர் மேஸ்திரியிடம் சொல்வது காதில் விழுந்தது.

"தகரத்து மேல ஓல வேஞ்சிருவோம். எதிரெதிரா சன்னல் வைங்க, யாரும் அடைக்க முடியாதபடிக்கு. எறங்குற சூட்டுல பாதிக்கு மேல காத்தே அள்ளிட்டுப் போயிரும். காத்து இருந்தாப் புள்ள பொழச்சுக்கிரும்."

அம்மாவின் கை நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள். மத்தியானம் அவருக்கு எப்போதும்போல இலை போட்டு, "இன்னுங் கொஞ்சம் கொழம்பு விடவா மாப்பிள்ள?" என்று கேட்டாள்.

அந்தக் கணக்கைப் பற்றி மட்டும் சாகும்வரை அவள் வாய் திறக்கவில்லை.