மெட்ராஸிலிருந்து நாலு மணி நேரம்

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் வடையைப் பிய்த்துக்கொண்டே, “மெட்ராஸ்ல பிளேன் ஏறுனேன், நாலு மணி நேரத்துல கொழும்பு ரத்மலானையில எறங்கிட்டேன்” என்றார். அந்த நாலுதான் என்னைக் குத்தியது.

இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதுவரை யாரும் பிளேன் ஏறியதில்லை. இந்தியாவுக்கு என்றால் ரயில், தலைமன்னார், கப்பல். இவர் பிளேனில் வந்தது நிஜமானால், இவர் சொல்லும் மெட்ராஸ் கம்பெனி உத்தியோகமும் நிஜம். இல்லையென்றால், யாருமே பார்த்திராத ஒரு வீட்டுக்கு அக்காவைக் கடல் தாண்டி அனுப்பப்போகிறோம்.

“மேலருந்து என்னங்க தெரிஞ்சுச்சு?” என்று கேட்டேன்.

“மேகந்தாம்மா.”

மேகம் எங்கள் வாசலுக்கே வரும். அதைப் பார்க்கப் பிளேன் எதற்கு?

அவர்கள் பஸ் ஏறியதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் டீச்சர். அட்லஸ் இருந்த அலுமாரிச் சாவி என்னிடம் இருந்தது. தையல் நூலை மெட்ராஸில் வைத்து ரத்மலானைவரை இழுத்தேன். நானூறு மைலுக்குக் கொஞ்சம் மேலே. பிளேன் மணிக்கு நூற்றெழுபது மைல் போகும் என்று பத்திரிகையில் படித்து நோட்டில் எழுதிவைத்திருந்தேன். வகுத்தால் இரண்டரை மணி நேரம். மீதி ஒன்றரை மணி நேரம் எங்கே போனது?

கணக்கை அப்பாவிடம் நீட்டினேன். பெரட்டுக்களத்தில் தினம் ஆளெண்ணும் கங்காணி. யாரையும் சட்டென்று நம்பமாட்டார். அன்றைக்கு என்னைத்தான் நம்பவில்லை.

“பொய் சொல்றவன் கொறச்சுல்ல சொல்லுவான்? கூட்டியா சொல்லுவான்? வர்ற வெள்ளிக்கெழம வெத்தல பாக்கு மாத்துறோம். நூலச் சுருட்டி வை.”

“ஏறாதவருக்கு எப்படிப்பா தெரியும்? குத்துமதிப்பா விடுறாரு.”

மறுநாள், எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த யாழ்ப்பாணத்து டீச்சரிடம் நூலைக் காட்டினேன். சிரித்துவிட்டார். “அது நேர வாறேல்லையப்பா. எங்கட ஊர்ப் பக்கம் பலாலியில இறங்கி, ஆக்களை ஏத்திக்கொண்டுதான் வரும். இறங்கேக்க எங்கட வீட்டுக்கு மேலாலதான் போகும்.”

என் முகம் சுண்டிப்போனது. எதிர்மலை லயத்து வீடுகளில் பேசுவது எங்கள் லயத்துக்குக் கேட்கும். போவதென்றால் ஆற்றுக்கு இறங்கி ஏற ஒரு மணி நேரம். அந்தப் பாதையில் தினமும் நடந்தும், நூலை நேராகத்தானே இழுத்திருக்கிறேன்! ஆக, நாலு மணி நேரம் சரி. ஆனால் அதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே. நடுவில் பிளேன் இறங்கியதை ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

சாயந்தரம் அக்கா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“ஏண்டி, மாப்பிள்ளைக்கு மார்க்கு போடுறியா? அவரு பறந்து வந்தா என்ன, நடந்து வந்தா என்ன? நான் போய் எறங்குற எடத்துல வீடு இருக்கான்னு பாரு” என்று சிரித்தாள்.

“அதத்தாங்க்கா பாக்குறேன்.”

அவள் சிரிப்பு நின்றது. என் கையிலிருந்த நூலை வாங்கி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அவருகிட்டயே கேளு. ஆனா பலாலிங்கிற பேரு ஒன் வாயில வரக் கூடாது. அவரா சொல்லணும். சொல்லலேன்னா நான் வெளிய வரமாட்டேன். அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்.”

கேள்வியை அன்றைக்கே மனப்பாடம் செய்தேன். வெள்ளிக்கிழமை, வெற்றிலைத் தட்டை நடுவில் வைக்கும் முன்னால் அவருக்குக் காப்பி கொடுப்பது நான். தம்ளரை நீட்டும்போது சும்மா கேட்பதுபோல் கேட்கவேண்டும்: “பிளேன்ல அவ்வளவு நேரம் உக்காந்தே வந்தீங்களா? நடுவுல எங்கயாச்சும் காலாற நடக்க எடம் கெடச்சுச்சுங்களா?”